காமிராவும் கண்ணும்

புகைப்படக் கலையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவ்வளவு கஷ்டமல்ல. கற்றுக்கொடுத்த பிறகு அவர்களைச் சும்மா விடுவதுதான் கஷ்டம். எழுத்திலும் இதே கதைதான். 'உன் இஷ்டம்போல் எழுது' என்று சொல்லிவிட்டு, நாம் எழுதக்கூடியதையே அவனும் எழுதினால்தான் 'பேஷ்' என்கிறோம்.

விம்கோ நகரை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிக் கம்பெனியால் பெயர்பெற்ற அந்த இடத்துக்கு 2021-ல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆனால் அங்கே காமிராவுடன் இறங்குகிறவர்கள் எதை எடுப்பது என்பதை ஏறும்போதே தீர்மானித்துவிடுகிறார்கள். எண்ணூர்ப் புகைபோக்கி, சாம்பல் படிந்த கழிமுகம், 2023 டிசம்பரில் எண்ணெய் கலந்து கறுத்துப்போன வலை. சினிமாக்காரர் என்றால் அரிவாள். இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணின் கையிலும் இதே பட்டியலைத்தான் கொடுக்கப்போகிறோமா என்பதுதான் கேள்வி.

'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான பழனிகுமார், வடசென்னைப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுத்தருகிறார். அவருடைய மாணவிகளில் ஒருத்தி தூய்மைப் பணியாளரின் மகள். பாதுகாப்புச் சாதனம் எதுவுமின்றித் தகப்பனார் வேலை செய்வதை அவள் எடுத்திருக்கிறாள். இதே காட்சியை வெளியார் எடுத்தால் 'ஐயோ பாவம்' என்று நிற்கும். மகள் எடுக்கும்போது அவர் பாவப்பட்ட மனிதரல்ல, அப்பா. மாலையில் வீடு திரும்ப வேண்டிய மனிதர். இந்த வித்தியாசத்தை எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாது, கெடுக்காமல் இருக்கலாம்.

கெடுப்பது சுலபம். கல்கத்தா சோனாகாச்சிக் குழந்தைகளுக்குக் காமிரா கொடுத்த ஜானா பிரிஸ்கியின் அனுபவம் படமாகி, 2005-ல் ஆஸ்கார் பெற்றது. குழந்தைகள் எடுத்த படங்களில் உயிர் இருக்கிறது. ஆனால் சினிமாவில் மையமாக நிற்பது அவர்களைக் கரையேற்ற வந்த ஆசிரியை. எனக்கு அது ஒப்பவில்லை.

அதற்காக, ஒன்றுமே சொல்லித்தராமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. உச்சி வெயிலில் கடலைப் பின்னணியாக வைத்து அம்மாவைப் படமெடுத்தால், தண்ணீரின் பளபளப்பில் காமிரா ஏமாந்துபோகும். அம்மாவின் முகம் கரியாகிவிடும். அபெர்ச்சரை ஒரு படி திறந்தால் முகம் தெரியும். இது தெரியாத பிள்ளைக்குக் காமிரா சொன்னதுதான் முடிவு. தெரிந்த பிள்ளைக்குத்தான் தன் இஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆகவே கருவியைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். படத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கடைசியில், குற்றம் பார்வையாளர்களாகிய நம்மிடமும் இருக்கிறது. அந்தப் பெண் அப்பாவின் வேலையை எடுத்தாள், பாராட்டினோம், நியாயம்தான். நாளைக்கே அவள் சிநேகிதியின் புதுப் பாவாடையையோ, மொட்டைமாடியில் தூங்கும் பூனையையோ எடுத்து வந்தால், அதையும் கண்காட்சிச் சுவரில் மாட்டுவோமா? 'இதில் வடசென்னை எங்கே?' என்று கேட்கமாட்டோமா? மயிலாப்பூர்ப் பையன் பூனையை எடுத்தால் யாரும் 'மயிலாப்பூர் எங்கே?' என்று கேட்பதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் எப்போதும் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒருவகை அடக்குமுறைதான். அவளுடைய பூனைக்கும் சுவரில் இடம் கிடைக்கும் வரையில், நாம் அவளுக்குக் காமிராவைக் கொடுத்திருக்கிறோமே தவிர, சுதந்திரத்தைக் கொடுக்கவில்லை.