அழுகையின் களனும் பெருமிதத்தின் களனும்: மெய்ம்மைக் காட்சிகள் குறித்த மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

பாட்டுப்போட்டி, பேச்சுப்போட்டி, சமையற்போட்டி, ஒரே வீட்டில் பல நாள் அடைபட்டு வாழ்தல் எனப் பல்வகையாக விரிந்துள்ள 'ரியாலிட்டி ஷோ' என்னும் தொலைக்காட்சி வடிவத்தை இவண் மெய்ம்மைக் காட்சி எனக் குறிக்கலாம். இவ்வடிவம் பெரும்பாலும் இருவகையாகவே பேசப்படுகிறது. ஒரு சாரார் அதனை வணிகமாகக் கண்டு வருவாய்க் கணக்குப் பார்க்கின்றனர். மற்றொரு சாரார் அதனைப் பண்பாட்டுச் சீரழிவாகக் கண்டு ஒதுக்குகின்றனர். பார்ப்பவர் அதில் எதனைப் பெறுகிறார், எந்த நிகழ்ச்சி பார்க்கத்தக்கது, எது தகாதது என்னும் மதிப்பீட்டு வினா இவ்விரண்டிற்கும் இடையே விடுபட்டுப்போகிறது. அவ்வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஓர் அளவுகோலைத் தரும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கன்னடமும் தமிழும் ஒரே வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும் பெங்களூர்த் தமிழர்க்கு இவ்விரு மொழி நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு இயல்பாகவே உண்டு. எடுத்துக்காட்டுகள் அந்நோக்கிலிருந்தே தெரிவு செய்யப்பட்டுள்ளன.

மெய்யும் மெய்ம்மையும்

'மெய்' என்னும் தமிழ்ச் சொல் உண்மையையும் உடம்பையும் ஒருசேரக் குறிக்கும். மெய்ம்மைக் காட்சி முதற்பொருளை வாக்களிக்கிறது. இங்கு நடப்பதெல்லாம் உண்மை என்கிறது. ஆயின் அது நமக்கு உண்மையில் காட்டுவது இரண்டாம் பொருளையே. நடுங்கும் கை, தழுதழுக்கும் குரல், முடிவு அறிவிக்கப்படும் நொடியில் உறைந்துபோகும் முகம் ஆகியவற்றிற்காகவே கேமரா காத்திருக்கிறது. உள்ளத்து நிகழ்வு உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் உரையாசிரியர். இளம்பூரணர் எடுத்துக்காட்டும் செயிற்றியம், நிகழ்த்துவோன் உற்றது காண்போனையும் சென்றடையும்போதே அது மெய்ப்பாடு ஆகும் என்று கருதுகிறது. காண்போனை இலக்கணத்திற்குள்ளேயே வைத்த இக்கருத்து, காண்போனை நம்பி வாழும் தொலைக்காட்சிக்கும் பொருந்துவதாகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்ததோடு நில்லாது, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்களை நந்நான்காகக் கூறுகிறார். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் பிறக்கும். பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பிறக்கும். ஒரு காட்சி நம்மை நெகிழ்விக்கிறதா என்பதைக் காட்டிலும், அந்நெகிழ்ச்சி எக்களனிலிருந்து பிறந்தது என்று கேட்பதற்கு இப்பகுப்பு வழிசெய்கிறது.

கல்வியால் பிறக்கும் பெருமிதம்

இசைப்போட்டி தமிழ்த் தொலைக்காட்சிக்குப் புதிதன்று. பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திப் பின்னர் சன் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்த 'பாட்டுக்குப் பாட்டு', ஏ.வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' ஆகியவை இதன் முன்னோடிகள். அவற்றில் போட்டியாளரின் வீட்டுக் கதைக்கு இடம் மிகக் குறைவு. நினைவாற்றலும் குரலுமே முன்னின்றன.

இவ்வகையில் பெங்களூர் இல்லங்கள் நன்கறிந்த கன்னட நிகழ்ச்சி 'எதெ தும்பி ஹாடுவெனு'. 'நெஞ்சு நிறையப் பாடுவேன்' என்பது அத்தலைப்பின் பொருள். ஈடிவி கன்னட அலைவரிசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் இதனை நடத்தினார். தெலுங்கில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய 'பாடுதா தீயகா'வின் அதே முறையே இதிலும் பின்பற்றப்பட்டது. அந்நிகழ்ச்சியின் சிறப்பு அதன் திருத்தங்களில் இருந்தது. ஒரு சிறுவன் ஒரு சொல்லின் ஒலிப்பில் தவறினால் அவர் அதனைச் சுட்டுவார்; தாமே பாடிக் காட்டுவார்; அப்பாடல் பதிவானபோது இசையமைப்பாளர் கருதியது என்ன என்பதை விளக்குவார். திருத்தப்பெற்ற சிறுவன் இளிவுறுவதில்லை. ஒன்றனைக் கற்றவனாகவே மேடையை விட்டு இறங்குகிறான். காண்போரும் அவனோடு கற்கின்றனர். பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் மறைந்தபின், கலர்ஸ் கன்னட அலைவரிசை 2021இல் இந்நிகழ்ச்சியை அவர் நினைவாக மீண்டும் தொடங்கியமை அம்முறைக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, நெல்லை கண்ணன் நடுவராக வீற்றிருந்த 'தமிழ்ப் பேச்சு எங்கள் மூச்சு'. அங்கே இளைஞர் ஒருவர் பாடலடி ஒன்றைப் பிழைபடச் சொன்னால் அது அவையிலேயே திருத்தப்பட்டது. பழந்தமிழ் அவையின் இயல்பு தொலைக்காட்சியிலும் இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

விஜய் தொலைக்காட்சி 2006இல் தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' இத்துணைக் கட்டுக்கோப்பு உடையதன்று. எனினும் அதன் உயர்ந்த கணங்கள் பெருமிதத்தின் நான்கு களன்களையே தொடுகின்றன. சிறுவர்க்கான நான்காம் பருவத்தின் இறுதிச்சுற்று 2015இல் நடந்தபோது பெங்களூரைச் சார்ந்த ஸ்பூர்த்தி முதலிடம் பெற்றார். கருநாடகத் தலைநகரில் வளர்ந்த சிறுமி தமிழ் மேடையில் வென்றது கல்வியால் பிறந்த பெருமிதம். அதே மேடையில் இரண்டாமிடம் பெற்றவர் கனடாவிலிருந்து வந்த ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா. பரிசாகக் கிடைத்த தங்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு வழங்கப்படும் என அவர்தம் குடும்பத்தினர் மேடையிலேயே அறிவித்தனர். இது கொடையால் பிறந்த பெருமிதம். 2018இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றபோது, திரையிசையே பாட்டின் அளவை என்றிருந்த அம்மேடையில் தெம்மாங்கும் கிராமியப் பாட்டும் புகழ் பெற்றன. அதனை இசைமையால் பிறந்த பெருமிதம் எனலாம். திரைப்பாடல் பாடுவோரிடையே தம் வேட்டியும் தம் வழக்குமாக இறுதிவரை நின்றதில் தறுகண்மையும் உண்டு.

இளிவாலும் வறுமையாலும் பிறக்கும் அழுகை

இதே நிகழ்ச்சிகளின் மறுபக்கம் அழுகையைச் சார்ந்தது. பாட்டிற்கு முன் ஒரு குறும்படம் காட்டப்படுகிறது. ஒழுகும் கூரை, நோயுற்ற தாய், அடகு வைத்த நகை ஆகியவை வரிசையாக வருகின்றன. தொடர்ந்து நடுவர் கண்ணைத் துடைக்கிறார். அக்காட்சி மும்முறை திரும்பக் காட்டப்படுகிறது. பின்னணியில் வயலின் இழைகிறது. இவ்வழுகையின் களன் வறுமை. வறுமையைக் காட்டுவது குற்றமன்று. ஆனால் இங்கு அது பாட்டிற்கான மதிப்பெண்ணாக மாற்றப்படுகிறது. வாக்களிக்கும் பார்வையாளர் குரலை மதிப்பிடுகிறாரா, குடும்பத்தை மதிப்பிடுகிறாரா என்பது மயங்கிவிடுகிறது. அதனால் இழப்பு போட்டியாளர்க்கே. உண்மையாகவே நன்றாகப் பாடிய ஏழை மாணவரும் இரக்கத்தால் வென்றவர் என்னும் சொல்லுக்கு ஆளாகிறார்.

மற்றொரு களன் இளிவு. நடுவரின் கடுஞ்சொல் பார்வையாளரை ஈர்க்கும் என்பது இவ்வடிவத்தின் தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. 2008ஆம் ஆண்டில், வங்க மொழி நடனப் போட்டி ஒன்றில் பங்கேற்ற பதின்பருவ மாணவி நடுவர்களின் கண்டிப்பிற்குப் பின் பேச்சிழந்தார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அவர் மருத்துவத்திற்காகக் கொண்டுவரப்பட்ட இடம் பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனம். அந்நோய்க்கும் அந்நிகழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு விவாதத்திற்குரியது. ஆயினும் சிறாரைக் காட்சிப்படுத்துவதன் விலை என்ன என்னும் வினா அன்று எழுந்தது. இன்றும் அது தீரவில்லை. கூத்தில் அழுபவன் வேடத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்புவான். மெய்ம்மைக் காட்சியில் அழுத சிறுமிக்குக் கலைக்க வேடம் இல்லை. அவள் தன் பெயரோடும் முகத்தோடும் மறுநாள் பள்ளிக்குச் சென்றாக வேண்டும். இவ்வடிவத்தைத் திறனாய்வு செய்வோர் நாடகத்திலிருந்து இதனைப் பிரித்தறிய வேண்டிய இடம் இதுவே.

வெகுளியும் நகையும்

நெதர்லாந்தில் 1999இல் தோன்றிய 'பிக் பிரதர்' வடிவம், கன்னடத்தில் சுதீப்பைக் கொண்டு 2013இலும் தமிழில் கமல்ஹாசனைக் கொண்டு 2017இலும் 'பிக் பாஸ்' ஆக வந்தது. இதில் மேலோங்குவது வெகுளி. வெகுளியின் களன்களுள் 'அலை' என்பது ஒன்று. பிறரை அலைத்தல், துன்புறுத்தல் என்பது அதன் பொருள். உணவைக் குறைத்தும் தனிமையைக் கூட்டியும் ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி வெளியேற்றப் பரிந்துரைக்கச் செய்தும் அவ்வீடு திட்டமிட்டு அலைத்தலை உண்டாக்குகிறது. அங்கும் பார்க்கத்தக்க கணங்கள் இல்லாமல் இல்லை. ஊர் கூடி ஒருவரை ஒதுக்கும் முறை எவ்வாறு தொடங்குகிறது, யார் முதலில் வாய் திறக்கிறார், யார் அறிந்தும் வாளாவிருக்கிறார் என்பதை அது துலக்கமாகக் காட்டும். ஆனால் அதனைக் காண்பதற்கு மணிக்கணக்கான பூசலைப் பொறுத்தாக வேண்டும்.

2019 இறுதியில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' நகையை நம்பியது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நகையின் நான்கு களன்களுள் எள்ளலைப் பெரிதும் பின்தள்ளி மற்ற மூன்றையும் அது பயன்கொண்டது. வெங்காயத்திற்கும் உருளைக்கிழங்கிற்கும் வேறுபாடு அறியாத கோமாளி ஒருபுறமும், அவரை வைத்துக்கொண்டே நேரத்திற்குள் சமைத்தாக வேண்டிய போட்டியாளர் மறுபுறமும் நிற்கின்றனர். சிரிப்பு முடிந்தபின்னும் தட்டில் உணவு இருக்கிறது. அதனை நடுவர் உண்டு பார்த்துச் சொல்கின்றனர். 'சூப்பர் சிங்க'ரிலிருந்து வந்து இதில் கோமாளியாக நின்ற சிவாங்கி, 2023ஆம் ஆண்டின் நான்காம் பருவத்தில் சமைப்பவராகவே போட்டியிட்டார். பேதைமையில் தொடங்கியவர் கல்விக்கு நகர்ந்த அம்மாற்றம் இந்நிகழ்ச்சியின் இயல்பை விளக்கப் போதுமானது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவது பின்வருமாறு. மெய்ம்மைக் காட்சியில் காட்டப்படும் உணர்வு உண்மையா, புனைவா என்னும் வினா அதனை மதிப்பிடப் போதாது. தொகுப்பு மேசையில் இரண்டும் கலந்தே வெளிவருகின்றன. அவ்வுணர்வு எக்களனில் பிறந்தது என்பதே பயனுள்ள வினா. ஒருவர் கற்றதாலும் துணிந்ததாலும் கொடுத்ததாலும் பிறந்தது எனின், அந்நிகழ்ச்சி பார்க்கத்தக்கது. ஒருவர் இல்லாமையாலும் இகழ்ச்சியாலும் பிறந்தது எனின், காண்போரிடம் சென்றடைவது மெய்ப்பாடு அன்று. பிறர் துன்பத்தை வேடிக்கை பார்க்கும் பழக்கமே. வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றும் உண்டு. பின்னணி இசையையும் முன்கதைப் படத்தையும் நீக்கிவிட்டு அக்காட்சியை எண்ணிப் பார்க்கலாம். அதன்பின்னும் பாட்டோ பேச்சோ சமையலோ எஞ்சுமாயின் அந்நிகழ்ச்சிக்குச் செலவிட்ட பொழுது வீணன்று. பெங்களூர் போன்ற நகரங்களில் தமிழ்ப் பாட்டையும் தமிழ்ப் பேச்சையும் குழந்தைகள் கேட்கும் வாயில்களுள் தொலைக்காட்சியும் ஒன்று. அவர்கள் அங்குக் கேட்பது திருத்தமா, ஏளனமா என்பதில் தமிழ்த் துறைகளுக்கும் அக்கறை இருத்தல் வேண்டும்.