காலர் முனை

புதியம்புத்தூர்ச் சட்டை கையில் கிடைத்தால் முதலில் காலர் முனையைப் பாருங்கள். உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து, மூலைத் துணியை ஒட்ட நறுக்கி, புரட்டி எடுத்த முனை அது. நறுக்கல் கூடினால் தையல் விட்டுப்போகும். குறைந்தால் முனை மொத்தையாக நிற்கும். இரண்டு முனையும் ஒன்றுபோல வரக் கை நன்றாகப் பழக வேண்டும்.

புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் ஊர். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினாலும் தையல் மெஷின் சோறு போடும். ‘குட்டி திருப்பூர்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் ஒப்பவில்லை. திருப்பூரின் பேர் பனியனில். இந்த ஊரின் பேர் சட்டை, நைட்டி, பிள்ளைகள் உடுப்பில்.

தீபாவளி நெருங்கினால் ராத்திரியும் மெஷின் சத்தம்தான். காஜா எடுக்க ஓர் ஆள், பட்டன் கட்ட ஓர் ஆள், பிசிறு வெட்ட இன்னொருவர். கூலி பீஸ் கணக்கு.

பாரிஸில் சட்டையை வடிவமைத்தவர் தன் பேரையே கழுத்துப்பட்டியில் தைத்துவிடுவார். இங்கே அந்த இடத்தில் கடைக்காரர் சொல்லும் லேபிள். தைத்தவர் பேர் எங்கும் கிடையாது.

என்னிடம் இந்த ஊர்ச் சட்டை ஒன்று இருக்கிறது. சாயம் வெளுத்துவிட்டது, காலர் இன்னும் மடங்கவில்லை.