அந்த நேரத்துல அங்க என்ன வேலை?

ஒரு பெண் தாக்கப்பட்டாள் என்று செய்தி வந்தால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்காம்?" அடுத்தது, "கூட யாரு இருந்தாங்களாம்?" தாக்கியவனைப் பற்றிய விசாரிப்பு அதற்கப்புறம்தான். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். இரவு எட்டு மணி விவாதத்தில் உட்காரும் கருத்தாளர் இதே கேள்வியைச் சட்டை மடிப்புக் கலையாமல் கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அவரைத் திட்டிவிட்டுச் சேனலை மாற்றிக்கொள்வது நமக்கு ரொம்ப வசதி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அவர் கையில் பழமொழிகள் தயாராக இருக்கும். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்பார். நூல் தானாக ஊசிக்குள் நுழைந்ததை நான் பார்த்ததில்லை. எச்சில் தொட்டு முறுக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு நுழைக்கிற கை ஒன்று உண்டு; பழமொழியில் அந்தக் கை வராது. வடக்கிலும் இதே கதைதான். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி சிதைக்கப்பட்ட சில வாரங்களில், ஒரு கை தட்டினால் ஓசை வராது என்றும், தாக்கியவர்களில் ஒருவனை அண்ணா என்று கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கலாம் என்றும் சாமியார் ஆசாராம் பாபு உபதேசித்தார். சேனல்கள் அதைக் கண்டித்தபடியே திரும்பத் திரும்ப ஓட்டின. 2018இல் ஒரு சிறுமியை வன்கொடுமை செய்த வழக்கில் அவருக்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

எல்லாரையும் ஆசாராம் கணக்கில் சேர்த்துவிட முடியாது. "பழி சொல்லலீங்க, எச்சரிக்கிறோம்" என்கிற கருத்தாளர்களில் உண்மையாகவே பெண் பிள்ளைகளைப் பெற்ற கவலையோடு பேசுகிறவர்கள் உண்டு. ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று வங்கி சொல்கிறது, இருட்டுச் சந்தில் போகாதே என்று அம்மா சொல்கிறாள். இரண்டும் பயனுள்ளவை. ஆனால் புத்திமதிக்கு ஒரு நேரம் இருக்கிறது. புறப்படும்போது வாசலில் நின்று சொன்னால் அக்கறை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளைப் பற்றி ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னால் தீர்ப்பு. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பெண், தனக்கு நடந்ததை வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று முடிவெடுக்கிறாள்.

ஊடகச் சத்தத்தால் நன்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை விவகாரத்தைப் பத்திரிகைகளும் சேனல்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் அது உள்ளூர்ப் பஞ்சாயத்தாகவே அமுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அதே சத்தம்தான் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கெஞ்சும் குரலை நாடு முழுக்கச் சலிக்கச் சலிக்க ஒலிக்கவிட்டது. காவல்துறை அதிகாரி ஒருவர் பாதிக்கப்பட்டவரின் பெயரையே பேட்டியில் சொன்னார். அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

உண்மையில், கருத்தாளர் வாய் திறப்பதற்கு முன்பே பாதி வேலையைத் தலைப்பு முடித்துவிடுகிறது. 'காதலை ஏற்க மறுத்த மாணவி குத்திக் கொலை' என்பது நமக்குப் பழகிப்போன பாணி. இதில் ஏதாவது செய்கிறவள் அவள் மட்டும்தான்: மறுத்தாள். குத்தியவன் எழுவாயாகக்கூட இல்லை. கத்தி தானே வந்து பாய்ந்தது போலிருக்கிறது. செய்திக்குள் போனால் அவனுக்கு 'ஒருதலைக் காதல்' என்று ஒரு சமாதானமும் கிடைத்துவிடும். 'கற்பழிப்பு' என்ற சொல் பல காலம் நாளிதழ்களை ஆண்டது. குற்றம் செய்தவன் அவன், அழிந்ததாகச் சொல்லப்பட்டதோ அவளுடைய கற்பு! பெண்ணியவாதிகள் சொல்லிச் சொல்லி அந்த இடத்தில் 'பாலியல் வன்கொடுமை' வந்தது. 'கள்ளக்காதல்' இன்னும் போகவில்லை. கொலையானவள் மீதும் அதைக் கூசாமல் ஒட்டுகிறார்கள். சாதி மீறிய திருமணம் என்றால் 'நாடகக் காதல்'. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் தலித் இளைஞர் ஒருவர் பட்டப்பகலில், நடுத்தெருவில், மனைவியின் கண்ணெதிரே வெட்டப்பட்டார். அந்தக் காட்சியை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகும் இந்தச் சொல் விவாத மேசைகளில் உலவத்தான் செய்கிறது. வெட்டப்பட்டவனை மோசடிக்காரனாக்க இரண்டு வார்த்தை போதும்.

நீதிமன்றங்களும் இப்படிப் பேசியவைதான். காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளான மகாராஷ்டிரப் பழங்குடிச் சிறுமியின் வழக்கில், உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983இல் சட்டம் திருந்தியது. புகார் செய்தவளின் பொதுவான நடத்தையைக் கிளற அனுமதித்த சாட்சியச் சட்டப் பிரிவும் 2002 திருத்தத்தில் நீக்கப்பட்டது. கோர்ட்டில் வக்கீல் கேட்கக் கூடாது என்று சட்டம் மூடிவைத்த கேள்வியை இன்று விளம்பர இடைவேளைக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். குறுக்கே எழுந்து ஆட்சேபிக்க அவள் தரப்பு வக்கீல் அங்கே இருக்கமாட்டார்.

நாம் ஏன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? 1966இல் அமெரிக்க உளவியலாளர்கள் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு இதற்குப் பதிலாகப் படுகிறது. ஒரு பெண் மின்னதிர்ச்சிக்கு ஆளாவதைத் திரையில் சிலர் பார்த்தார்கள். உண்மையில் அது நடிப்பு; பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவளை அதிலிருந்து விடுவிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் அவளை அவ்வளவாகக் குறைத்துப் பேசவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியவர்கள்தான் அவள் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்ற ரீதியில் மதிப்பிட்டார்கள். உதவ வழியில்லாதபோது, பட்டவளுக்கு இது தகும் என்று நினைத்துக்கொண்டால்தான் மனம் சமாதானமாகிறது.

2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் ஐடி ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். உடல் இரண்டு மணி நேரம் போல அங்கேயே கிடந்தது. அவ்வளவு பெரிய நகரத்தின் நடுவிலிருக்கும் நிலையத்தில் அப்போது கண்காணிப்புக் கேமராவே இல்லை. கேட்பதற்கு அது ஒரு கேள்வி. கேட்டால் கேமரா வரும். அந்தக் கேள்வியும் எழுந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஊர் ஆவலாகப் பேசியது அவருடைய நட்பு, காதல், மதம் பற்றி. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சோதனையில் சிலருக்குக் கிடைத்தது போன்ற வாய்ப்பு ஒன்றைத் தருவது ஊடகத்தின் வேலை: எரியாத தெருவிளக்கு எது, புகாரை வாங்க மறுத்த நிலையம் எது, எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும். அதற்குப் பதில் அவள் வாழ்க்கையைக் கையில் கொடுத்து மார்க் போடச் சொல்கிறார்கள். நாமும் போடுகிறோம்.

2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று அப்போதும் கேட்டார்கள். அது அவர் படிக்கிற இடம். முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு கசிந்தது. அதன் வாசகமே அவரைக் குற்றம் சொல்வதாக இருக்கிறது என்று கண்டித்த உயர் நீதிமன்றம், 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை வந்தது. இப்படிப் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

அந்த அறிக்கை எனக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'பாத்துட்டு டெலீட் பண்ணிடுங்க' என்று அனுப்பியவர் எழுதியிருந்தார். சொன்னபடியே செய்தேன். முழுக்கப் படித்துவிட்டுத்தான் அழித்தேன்.