மூடுபனிக் கணிமையும் மீரியபெத்தையும்: ஒரு விமர்சன நோக்கு

கணிப்பொறியியலார் இட்ட பெயர்களுள் மலையகத்தார்க்கு விளக்கம் வேண்டாத பெயர் ஒன்று உண்டெனில், அது மூடுபனிக் கணிமை என்பதே. தொலைவிலுள்ள பெருங்கணினிக் கூடங்களில் தரவுகளைக் குவித்துக் கணிப்பது முகிற் கணிமை. அக்கணிப்பைத் தரவு பிறக்கும் இடத்துக்கு அண்மையிலேயே, சிறு கணுக்களில் நிகழ்த்துவது மூடுபனிக் கணிமை. முகில் உயரத்தில் நிற்பது. மூடுபனி நிலத்தைத் தொடுவது. 2012ஆம் ஆண்டளவில் சிஸ்கோ நிறுவன ஆய்வாளர் வழக்கிற்குக் கொணர்ந்த இவ்வுருவகத்தை, ஹப்புத்தளையில் ஒரு விடியற்காலையைக் கண்டவர் எவரும் ஏற்பர்.

ஊவா மலைச்சரிவுகளுக்கு இம்முறை பொருந்துமென்ற வாதத்தில் வலு உண்டு. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவையே முதன்மையாகக் கொள்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. எனின் வெளியேற ஆயத்தம், 150 மி.மீ. எனின் வெளியேற்றம். ஆயின் அறிவித்தல்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருவன. ஒரு மலைமுகட்டின் இப்புறம் கொட்டும் மழை அப்புறம் தூறலாகவே நின்றுவிடுவதுண்டு. பெருமழையில் மின்சாரமும் தொலைபேசியும் முதலில் அறுபடுகின்றன. தோட்டத்திலேயே ஒரு மழைமானி, மின்கலத்தில் இயங்கும் சிறு கணினி, ஓர் ஒலிபெருக்கி ஆகியன இருப்பின், கொழும்போடு தொடர்பற்ற இரவிலும் கணிப்பு நிற்காது.

இதற்கான திறந்த மூல மென்பொருள்களுக்கும் பஞ்சமில்லை. 2017இல் லினக்ஸ் அறக்கட்டளை தொடக்கிய எட்ஜ்எக்ஸ் ஒன்று. இலங்கையிலும் முன்மாதிரிகள் உள. 2004 ஆழிப்பேரலையின் பின் இங்கு ஆக்கப்பட்ட 'சஹானா' உலகெங்கும் பயன்பட்டது. எனினும் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதே, அதாவது நிகழ்ந்தபின் கணக்கெடுப்பதே, அதன் முதற்பணியாயிருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவரின் ஆய்வுத் திட்டமாகப் பிறந்த 'சித்தி' ஓடிவரும் தரவுகளை உடனுக்குடன் ஆராய்வது. (சிங்களத்தில் அச்சொல் நிகழ்ச்சிகளைக் குறிக்கும், தமிழ் வாசகர் சிறிய தாயை நினைந்து மயங்கவேண்டியதில்லை.)

ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதைந்தமை கணிப்பின் தாமதத்தாலா? அச்சரிவு குடியிருப்புக்கு உகந்ததன்று எனப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. செய்தி பிந்தவில்லை, போக நிலமில்லை. உயிர் தப்பியோர் தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டு, 2016இலேயே பூனாகலைப் பகுதியில் வீடுகளைப் பெற்றனர். ஆண்டுக்கணக்கான தாமதத்தின் முன் கணுக்கள் மிச்சப்படுத்தும் விநாடிகள் எம்மாத்திரம்?

இதனால் அத்தகைய தளம் வீண் என்பது பொருளன்று. அதனை அமைப்போர் எதனைத் திறந்துவைக்கின்றனர் என்பதே கேள்வி. நிரலைத் திறந்து, எண்ணை மூடிவைப்பது அரைத் திறப்பே. 150 என்பதை 120 ஆகக் குறைத்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். ஒவ்வொரு பொய் எச்சரிக்கையும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாட்பேர். அவள் மலையிலிருந்து பாதியில் இறங்கினால் அரைப் பேர். அப்பேரை ஈடுசெய்வது தோட்டக் கம்பனியா, அரசா? அதற்கு விடையில்லாதவரை எண்ணைக் கூட்டிவைக்கும்படி அவளே கேட்கவும் கூடும். எட்ஜ்எக்ஸிலோ சித்தியிலோ இக்கணக்கை எழுதுதற்கு இடமில்லை; பொறியியலார் அதனை நுட்பத்துக்குப் புறம்பானதென்பர். உண்மையில் அவ்வெண்ணின் பாதி அதுவே.

மேலும், கணு யாருடைய கூரையில் நிற்கும்? லயனின் நிலமோ கூரையோ அதில் வாழ்பவருக்கு உரியதன்று. தோட்டக் காரியாலயத்தில் பூட்டிவைத்த கணு, இடத்தால் அண்மையிலிருப்பினும், தொழிலாளிக்குக் கொழும்பைப்போன்றே தொலைவு. அளவை எண்ணும், அன்றைய மழையும், எண்ணை மாற்றியவர் பெயரும் பிரட்டுக்களத்துப் பலகையில் நாள்தோறும் தமிழில் எழுதப்படுமாயின், அது எந்த மென்பொருளிலும் இதுவரை சேர்க்கப்படாத ஒரு பகுதியாகும். அதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டி.