ஆய்ச்சியர் குரவையும் ஏழு மோடுகளும்

கீபோர்டு வகுப்புகளில் இன்று ஊருக்கு ஊர் ஒப்பிக்கப்படும் வாய்ப்பாடு ஒன்று உண்டு: அயோனியன் என்றால் சங்கராபரணம், டோரியன் என்றால் கரகரப்பிரியா, லிடியன் என்றால் கல்யாணி. மோடு என்ற சிந்தனையே மேற்கு நமக்குத் தந்த கொடை என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. வாய்ப்பாடு பாதி உண்மை. நம்பிக்கை முழுத் தவறு.

மேற்கின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இடைக்காலத் தேவாலயங்களில் 8 மோடுகள் இருந்தன. 1547இல் இசைக் கோட்பாட்டாளர் கிளாரியன் தம் 'டோடெகாகார்டான்' நூலில் அவற்றை 12 ஆக்கினார். 7 சுரங்களையும் ஒவ்வொன்றாக ஆதாரமாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரு வகை வைத்தால் 14 வரவேண்டும். 'பி'யில் நிற்கும் இரண்டை அவர் தள்ளிவிட்டார். அங்கே சுத்தமான பஞ்சமம் கிடைக்காது. பின்வந்த நூற்றாண்டுகள் மேஜர், மைனர் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஓரங்கட்டின.

சிலப்பதிகாரமும் அதன் பழைய உரைகளும் காட்டும் பாலைத் திரிபு இதே கணக்குதான். செம்பாலை என்னும் அடிப்படைப் பாலையின் முதல் சுரமான குரலை விட்டு, அடுத்த சுரமான துத்தத்தை ஆதாரமாக்கினால் படுமலைப்பாலை. உழையில் அரும்பாலை, இளியில் கோடிப்பாலை, விளரியில் விளரிப்பாலை, தாரத்தில் மேற்செம்பாலை. இன்று பரவலாக ஏற்கப்படுவதுபோல் செம்பாலையை அரிகாம்போதியாகக் கொண்டால், இவை முறையே நடபைரவி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி. கைக்கிளையில் பிறக்கும் செவ்வழிப்பாலையில் மட்டும் பஞ்சமம் இல்லை, இரண்டு மத்தியமங்கள் வந்து நிற்கும். கிளாரியன் கைவிட்ட அதே இடம்! சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயர்குல மாதரி இந்த இலக்கணத்தை ஆட்டமாகவே ஆக்கிவிடுகிறாள். ஏழு பெண்களுக்கு ஏழு சுரப் பெயர். குரலானவள் மாயவன், இளியானவள் பலராமன், துத்தமானவள் நப்பின்னை.

இந்தச் செல்வத்தை நவீனக் கணக்கோடு மீட்ட ஆபிரகாம் பண்டிதரை இசையுலகம் இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை. சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர்; தஞ்சையில் வாழ்ந்த மருத்துவர். 1916 பரோடா மாநாட்டில் ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற கொள்கையை எதிர்த்து வாதாடி, அடுத்த ஆண்டே 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அவருடைய 24 சுருதிகளை ஏற்கலாம், மறுக்கலாம். பாலைத் திரிபை வட்டத்தில் வைத்துக் காட்டும் வட்டப்பாலையை மறுபடி விவாதத்துக்குக் கொண்டுவந்த துணிவை மறுக்க முடியாது.

ஆனாலும் பாலையோ மோடோ எலும்புக்கூடுதான். ராகம் அதற்கு மேலே உயிரெடுப்பது. எட்டயபுரத்தில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரே சாட்சி. மேஜர் ஸ்கேலில் நோட்டு சுரங்கள் எனப்படும் மேற்கத்திய மெட்டுப் பாட்டுகளை அமைத்தவரும் அவர்தான், சங்கராபரணத்தில் 'அக்ஷயலிங்க விபோ'வைச் செய்தவரும் அவர்தான். சுரங்கள் ஏழும் அவையே. முன்னதில் ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கிறது. பின்னதில் அசைந்து, இழைந்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர் காதை மூடிக்கொண்டு அட்டவணையை மட்டும் பார்க்கிறார்.

ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைக் கற்க அட்டவணையே வேண்டாம். அவள் தன்னையும் ஆயர்குலப் பெண்ணாகவே பாவித்துப் பாடிய திருப்பாவை, மார்கழியில் அவர்கள் காதில் விழாமல் இருக்காது. கோயிலில் சேவிக்கும் முறை வேறு. கச்சேரிக்கென்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகள் வேறு. அந்த மெட்டுகளில் 6ஆம் பாசுரம் சங்கராபரணம், 10ஆம் பாசுரம் தோடி, 17ஆம் பாசுரம் கல்யாணி. 7இல் வரும் பைரவி நடபைரவியின் பிள்ளை, 28இல் வரும் காம்போதி அரிகாம்போதியின் பிள்ளை, 29இல் வரும் மத்தியமாவதி கரகரப்பிரியாவின் பிள்ளை. பஞ்சமமுள்ள ஆறு பாலைகளும் முப்பது பாட்டுக்குள் அடங்கிவிட்டன.

வகுப்பை 6, 17ஆம் பாசுரங்களிலிருந்தே தொடங்கலாம்: மத்தியமம் ஒன்று மாறியதும் ராகமே மாறுவதைப் பிள்ளைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள். அடுத்து 10ஆம் பாசுரத்தின் காந்தாரத்தைப் பாடச் சொல்லலாம். எந்தக் கட்டையிலும் நிலைகொள்ளாமல் மத்தியமம்வரை ஊசலாடும் அந்தக் காந்தாரத்தைக் கீபோர்டில் தேடவும் விடலாம். தோடிக்கு மேற்கு வைத்த பிரிஜியன் என்ற பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.