ஒன்பது வயதிலிருந்து சாங்கி வரை

கொலையாளி ஜான் மார்ட்டின் ஸ்கிரிப்ஸின் கதையில் சாங்கி மூன்று முறை வருகிறது. 1995 மார்ச் 8 அன்று சாங்கி விமான நிலையத்தில் தென்னாப்பிரிக்கப் பயணி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, ஒரே ஹோட்டல் அறையில் தங்கச் சம்மதிக்க வைத்தான். பதினோரு நாள் கழித்து ஃபூக்கெட்டிலிருந்து திரும்பியபோது அதே விமான நிலையத்தில் பிடிபட்டான். 1996 ஏப்ரல் 19 அன்று சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் பிடிபடுவதற்கு முன்பே அந்தப் பயணியின் உடல் துண்டுகள் கிளிஃபர்ட் பியர் அருகே நீரில் மிதந்தன. ஃபூக்கெட்டில் கனடாவைச் சேர்ந்த தாயும் மகனும் அதே கதிக்கு ஆளானார்கள்.

இப்படிப்பட்டவனைப் பற்றி எழுதுவோர் முதலில் அவனுடைய பிள்ளைப்பருவத்தைத்தான் தோண்டுவார்கள். தோண்டினால் கிடைக்கவும் செய்கிறது: ஒன்பது வயதில் தகப்பனின் தற்கொலை, படிப்பில் திணறல்.

இந்தத் தேடல் வீண் என்று நான் சொல்லமாட்டேன். நியூசிலாந்தின் டுனெடினில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எம்ஏஓஏ மரபணுவின் செயல்குறைந்த வகை மட்டுமே ஒருவனை வன்முறையாளன் ஆக்கிவிடவில்லை. சிறுவயதில் கொடுமையும் சேர்ந்துகொண்டபோதுதான் ஆபத்து கூடியது. பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் மரபணுவே தலையெழுத்து என்ற பயத்தை அது அசைத்தது, அடிபடும் குழந்தையின் பக்கம் நம் கண்ணைத் திருப்பியது. அது பெரிய காரியம்.

ஸ்கிரிப்ஸுக்கு அந்த முடிவு பொருந்துகிறதா? அந்த மரபணுவோடு சேர்த்துப் பேசப்படுவது சட்டென்று வெடிக்கும் ஆத்திரம். இவனோ கத்தியும் சுத்தியலும் மின்அதிர்ச்சிக் கருவியும் வைத்திருந்தான். கொன்றபின் பயணியின் கடன்அட்டையோடு கடைகடையாக ஏறி இறங்கினான். ஆய்வாளர் ஏட்ரியன் ரெய்ன் 1998இல் கொலைகாரர்களின் மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, ஆத்திரத்தில் கொன்றவர்களிடம்தான் மூளையின் முன்பகுதிச் செயல்பாடு குறைந்திருந்தது. திட்டமிட்டுக் கொன்றவர்களிடம் அது ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது.

சிங்கப்பூர்ச் சட்டமும் காதை மூடிக்கொள்ளவில்லை. பிறவிக் காரணத்தால் மனநிலை பிறழ்ந்தவரின் பொறுப்பைக் குறைத்துப் பார்க்கத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் இடம் இருந்தது. ஸ்கிரிப்ஸின் வாதம் வேறு: அந்தப் பயணி தன்னைத் தவறாகத் தொட்டதால் நிதானம் இழந்தேன் என்றான். நீதிபதி டி. எஸ். சின்னத்துரை அதை ஏற்கவில்லை.

எனக்கு உறுத்துவது இந்த வகை எழுத்து தாண்டிக் குதிக்கும் நடு ஆண்டுகள். போதைப்பொருள் குற்றத்துக்காக பிரிட்டனின் ஆல்பனி சிறையில் இருந்தபோது அவனுக்கு இறைச்சி வெட்டும் தொழில் கற்றுத்தரப்பட்டது. கற்றுத்தந்தவரே சிங்கப்பூருக்கு வந்து சாட்சி சொன்னார். 1994இல் விடுப்பில் வெளியே வந்தவன் சிறைக்குத் திரும்பவே இல்லை. ஒன்பது வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே அவனாக எடுத்த முடிவுகளும், அவனைக் கோட்டைவிட்ட அதிகாரிகளும் மரபணுப் பேச்சில் மறைந்துபோகிறார்கள்.

அதே தகப்பனை இழந்த சகோதரி ஒருத்தியும் அவனுக்கு உண்டு. அவள் யாரையும் கொல்லவில்லை. தகப்பனை அப்படிப் பறிகொடுத்த பிள்ளைகள் நம் புளோக்குகளிலும் வளர்கிறார்கள். அவர்களை அண்டைவீட்டார் சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்கிற எழுத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.