மாகாண வெண்கலக் காசுகளில் ஊர்ப்பெருமையும் பேரரசர் வழிபாடும்

உரோமைப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் இருந்த கிரேக்க நகரங்கள் பல, அன்றாடச் சில்லறைத் தேவைக்காகத் தம் பெயரிலேயே வெண்கலக் காசுகளை வெளியிட்டன. இவற்றின் முன்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசரின் தலை இருக்கும். பின்பக்கத்தில் உள்ளூர்த் தெய்வம், கோயில், ஆற்றுத் தெய்வம் போன்றவை இடம்பெறும். பேரரசரின் தலையை மட்டும் கண்டு இக்காசுகளை அடிமைத்தனத்தின் சின்னங்கள் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. அது பாதி உண்மையே.

ஆசியா மாகாணத்தில் பேரரசருக்குக் கோயில் கட்டும் உரிமை நகரங்களுக்கிடையே பெரும் போட்டிக்குரியதாக இருந்தது. கி.பி. 26-இல் திபேரியசின் கோயிலுக்காக 11 நகரங்கள் உரோமைச் செனட் சபையில் வாதிட்டன. சிமிர்னா வென்றது. ஆர்ட்டெமிஸ் வழிபாடே எபேசுவுக்குப் போதும் என்று கருதிய சபை அந்நகரை ஒதுக்கியது. பின்னர் டொமிஷியன் காலத்தில் எபேசுவும் அத்தகைய கோயிலைப் பெற்றது.

இக்கோயிலைப் பெற்ற நகரம் 'நியோகோரோஸ்', அதாவது கோயில் காவலர் எனப்பட்டது. ஹேட்ரியன் காலத்தில் எபேசு இரண்டாம் முறையாக அப்பட்டத்தைப் பெற்றது. எலகபாலுஸ் காலத்துக் காசுகளிலோ 'நான்குமுறை கோயில் காவலர்' என்று பொறித்துக்கொண்டது. 'ஆசியாவின் முதல் நகரம்' என்ற பட்டத்தையும் அது உரிமை கொண்டாடியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்காசுகள் பெரும்பாலும் அவ்வட்டாரச் சந்தைகளிலேயே புழங்கின. எனவே இப்பட்டங்கள் பேரரசரின் கண்ணுக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. சொந்தக் குடிமக்களும் சிமிர்னா, பெர்காமோன் போன்ற போட்டி நகரத்தாரும் காண்பதற்காகப் பொறிக்கப்பட்டவை. பேரரசர் வழிபாடு ஊர்ப்பெருமையை அளக்கும் கோலாயிற்று.

ஆனால் அந்தக் கோல் பேரரசரின் கையில் இருந்தது. 222-இல் எலகபாலுஸ் கொல்லப்பட்டதும் எபேசு நான்காம் பட்டத்தை இழந்தது. 211-இல் கேத்தாவைக் கரகல்லா கொலை செய்வித்த பின், பெர்காமோன் காசுகள் சிலவற்றில் கேத்தாவின் முகம் அழிக்கப்பட்டது. அண்ணனும் தம்பியுமாகப் பொறிக்கப்பட்ட காசில் ஒரு பக்கம் வெறுமையாக நிற்கிறது. இரவல் பெருமைக்கு நகரங்கள் கொடுத்த விலை அது.

இக்காசுகளை ஊர் முழுவதன் குரலாகவும் கொள்ள இயலாது. உருவங்களையும் வாசகங்களையும் தீர்மானித்தவர்கள் நகர மன்றத்துச் செல்வர்களே. அக்காசைக் கொடுத்து ரொட்டி வாங்கியவர் அப்பட்டத்தைக் குறித்து என்ன நினைத்தார் என்பதைக் காசு சொல்லாது. இந்த வரம்பை நினைவில் கொண்டு படித்தால், பணிவும் பெருமையும் ஒரே காசின் இருபக்கங்களாக இருந்தது விளங்கும்.